எழுபத்தொன்று

வண்டி உங்கள் பெயரில்.
வீடு என் பெயரில், இந்த ஊர் வழக்கம் அது.
சார்ஜர் மாட்டியிருக்கும் மீட்டர்
இன்னும் என் உம்மா பெயரில்.
தம்மாமிலிருந்து நீங்கள் வாங்கித்தந்த காருக்கு
இத்தனை வருடம் சோறு போட்டது
கீழக்கரைப் பெண்கள்தான், கணக்குப் பார்த்தால்.

முதல் வருடம்
ஒரே மூச்சில் தூத்துக்குடி போய்த் திரும்பினேன்.
ஏர்வாடி விலக்கில்தான் திரையைப் பார்த்தேன்:
இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடுவேன் என்றது.
அதே எண் உங்கள் போனிலும் தெரியும்.
நைட் ஷிப்ட் முடித்து
பெண்டாட்டி வண்டியில் எத்தனை சதவீதம் என்று
பார்த்துவிட்டுப் படுக்கிற ஆளை
இந்தத் தெருவில் வேறெங்கும் நான் கண்டதில்லை.
"எண்பதோட கழட்டிரு, ஹபீலா."
"இருபதுக்குக் கீழ விட்றாத."
பிறகுதான்,
"சாப்பிட்டியா?"

கடல் முந்நூறு அடியில்.
உப்பு பேட்டரியைத் தொடவில்லை,
சார்ஜ் மூடியின் ஸ்பிரிங்கைத்தான் தின்றது.
கொஞ்சநாள் தையல் மெஷின் எண்ணெய்,
அப்புறம் ரிஃபாவின் ரப்பர் பேண்ட்.
சர்வீஸ்காரப் பையன் பார்த்துச் சிரித்தான்.
சிரித்தானே தவிர மாற்றவில்லை.

அக்னி நட்சத்திர இரவுகளில்
ஆளில்லாத காருக்குள் விசிறி தானாகச் சுற்றும்.
யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும்.
ஜன்னலைத் திறந்து
"தூங்கு" என்றிருக்கிறேன் ஒருமுறை.

ஒருநாள் கதவே திறக்கவில்லை.
"எழுபத்தெட்டு காட்டுதே, ஏன் திறக்காது?" என்றீர்கள் அங்கிருந்து.
பெரிய பேட்டரி நிறைந்துதான் இருந்தது.
செத்தது, பூட்டைத் திறக்கிற சின்ன பேட்டரி.
அப்படியும் ஒன்று உள்ளே இருக்கிறதென்று
உங்கள் போனுக்குத் தெரியாது.

தேய்ந்ததை நான் எண்ணில் அறியவில்லை.
முன்பு ஏர்வாடியில் திரையைப் பார்த்த கண்
பிறகு சாயல்குடியிலேயே பார்த்தது.
அடுத்து வேம்பாரில்.
இப்போதெல்லாம் குளத்தூர் தாண்டும்போதே
ஏசியை அணைத்துவிட்டு
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தார்கள்.
ஏழு வருடம், பத்து மாதம்.
எட்டு முடிவதற்குள் எழுபதுக்குக் கீழே இறங்கினால்
புது பேட்டரி, காசில்லாமல்.
"எழுபத்தொண்ணு" என்றான் பையன்.
"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா."
பாராட்டைக் கையில் வாங்கிக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

உங்களிடம் சொன்னபோது
அந்தப் பக்கம் ஏசி இரைவது மட்டும் கேட்டது.
அப்புறம் மெதுவாக,
"ரெண்டு மாசம்தானே.
தினம் நூறு வரைக்கும் ஏத்து.
வெயில்லயே போட்டு வை."

போட்டேன். ஒரு வாரம்.
தெற்குத்தெருச் சுவரோரம், உச்சி வெயிலில்,
நூறு சதவீதத்தோடு.
போகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
எட்டாம் நாள் கொண்டுவந்து நிழலில் நிறுத்தினேன்.
மறுபடி காட்டினேன்: எழுபத்தொன்று.
பிடிவாதம் யாரிடம் படித்ததோ.

இன்று ரிஃபாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறேன்.
சாயல்குடி பங்க்.
கருவேலங்காட்டை ஒட்டி ஒரே ஒரு சார்ஜர்,
பக்கத்தில் பரோட்டாக் கடை.
பதின்மூன்றில் வந்து சேர்ந்தேன்.
வீடு முப்பத்தைந்து கிலோமீட்டர்,
பத்து நிமிடம் ஏறினால் போதும்.
நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.
டீ இரண்டாவது.
காற்று உப்பளத்தின் பக்கமிருந்து வருகிறது.
என்னை யாரும் எதுவும் கேட்காத இடம்
கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது ஒன்றுதான்.
புது பேட்டரி வந்திருந்தால்
நிற்காமல் போயிருப்பேன்.

போன் மினுங்குகிறது:
"ஏன் நிக்கிற? அறுபத்திரெண்டு ஆயிருச்சே."

"ஏறுது" என்று அனுப்புகிறேன்.
பொய்யில்லை.